புயல் எச்சரிக்கை நாள்களில் பிள்ளைகளை அழைத்துச் செல்வது குறித்துப் பெற்றோர்க்குக் கடிதம்

மதிப்பிற்குரிய பெற்றோர்களுக்கு வணக்கம்.

காலாண்டுத் தேர்வு நல்லபடியாக நிறைவடைந்தது. விளையாட்டிலும் பேச்சுப் போட்டியிலும் நம் மாணவர்கள் பரிசு பெற்றிருக்கிறார்கள், அனைவருக்கும் பாராட்டுகள். அரையாண்டுத் தேர்வுக்கான பாடங்கள் திட்டமிட்டபடி நடைபெற்று வருகின்றன.

வடகிழக்குப் பருவமழைக் காலம் என்பதால், ஒரு செய்தியைத் தங்கள் கவனத்துக்குக் கொண்டுவர விரும்புகிறேன். சென்ற மாதம் பாம்பன் துறைமுகத்தில் 3-ஆம் எண் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றப்பட்ட நாளில், பிற்பகல் 1 மணிக்குப் பள்ளி விடப்படும் என்று காலையிலேயே தகவல் அனுப்பியிருந்தோம். மாலை 5.30 மணிக்கும் பதினொரு பிள்ளைகள் தாழ்வாரத்தில் இருந்தார்கள். இரண்டாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி பையை முதுகிலிருந்து இறக்காமல் வாசலையே பார்த்துக்கொண்டு நின்றாள். உட்காரச் சொன்னதற்கு, "அம்மா வந்தா உடனே போகணும் சார்" என்றாள்.

அந்நேரத்தில் தாங்கள் எங்கே இருந்தீர்கள் என்பதை அறிவேன். கடலுக்குச் செல்வதற்கான அனுமதி டோக்கன் நிறுத்தப்பட்டவுடன் படகை மாற்றிக் கட்ட வேண்டும், வலையைக் கரையேற்ற வேண்டும், காயப்போட்ட கருவாட்டை அள்ள வேண்டும். படகு போனால் ஒரு குடும்பத்தின் பல ஆண்டு உழைப்பு போய்விடும் என்பதும் எனக்குத் தெரியும்.

கூண்டு ஏற்றும்போதெல்லாம் புயலா வருகிறது என்று சிலர் கேட்டார்கள். பெரும்பாலும் வருவதில்லை என்பது உண்மைதான். ஆனால் புயலின் பாதையும் வேகமும் நம் கடிகாரத்துக்குக் கட்டுப்பட்டவை அல்ல. 1964 டிசம்பர் 17 அன்று தெற்கு அந்தமான் கடலில் உருவான தாழ்வு மண்டலம், 19 அன்று புயலாகி, 22 அன்று இலங்கையின் வவுனியாவைக் கடந்து, அன்றிரவே தனுஷ்கோடியைத் தாக்கியது. இலங்கையின் தலைமன்னாருக்கும் நம் இராமேசுவரம் தீவுக்கும் இடையே உள்ள கடல் ஏறத்தாழ முப்பது கிலோமீட்டர்தான். நூறுக்கும் மேற்பட்ட பயணிகளோடு வந்த ரயில், தனுஷ்கோடி நிலையத்தை நெருங்கிய நிலையில் கடலால் அடித்துச் செல்லப்பட்டது. 2020 டிசம்பரில் இலங்கையைக் கடந்து வந்த புரெவிப் புயலோ, வலுவிழந்த பிறகும் பாம்பன் அருகே ஒரு நாளுக்கு மேல் நகராமல் நின்று மழை கொட்டியது. ஒன்று விரைந்து வந்தது; மற்றொன்று வந்தபின் போகவில்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். புயலின் மையம் நம் மேல் கடந்தால், வாடையாக வீசிய காற்று திடீரென அடங்கி, வானம்கூடச் சற்றுத் தெளியும். "காற்று விட்டுவிட்டது, இப்போது போய்ப் பிள்ளையை அழைத்து வரலாம்" என்று வீட்டிலிருந்து கிளம்பத் தோன்றும். சிறிது நேரத்தில் அதே காற்று சோளகமாக, அதாவது தெற்குக் காற்றாகத் திரும்பி, முன்பு மறைவாக இருந்த பக்கத்தைத் தாக்கும். ஆகவே காற்று அடங்கட்டும் என்று காத்திருந்து வருவதைவிட, காற்று கிளம்புவதற்கு முன்பே வந்துவிடுவதுதான் பாதுகாப்பு.

நம் ஆசிரியர்களில் பலர் மண்டபம், இராமநாதபுரம் பக்கத்திலிருந்து வருகிறார்கள். பலத்த காற்றில் பாம்பன் பாலத்தில் ரயிலை நிறுத்திவிடுவார்கள். பிள்ளைகளுக்காகக் காத்திருந்த இரண்டு ஆசிரியைகள் அன்றிரவு வீடு திரும்ப முடியவில்லை.

எனவே உறுதியாகச் சொல்கிறேன்: புயல் எச்சரிக்கை நாள்களில் பள்ளி விடும் நேரத்திலிருந்து ஒரு மணி நேரத்துக்குள் பிள்ளையை அழைத்துச் செல்ல வேண்டும். தங்களால் வர இயலாதெனில், வரக்கூடிய உறவினர் அல்லது அண்டை வீட்டார் இருவரின் பெயரையும் கைப்பேசி எண்ணையும் வரும் திங்கட்கிழமைக்குள் வகுப்பாசிரியரிடம் எழுதிக் கொடுக்க வேண்டும். பட்டியலில் இல்லாத எவரிடமும் பிள்ளையை அனுப்ப மாட்டோம். படகு இழுக்கவோ கடல் பார்க்கவோ பிள்ளைகளைக் கரைக்கு அழைத்துச் செல்வதையும் அந்நாள்களில் அறவே தவிர்க்க வேண்டும்.

கடிந்து எழுதியதாகத் தாங்கள் கருத வேண்டாம். அன்று தன் பிள்ளையோடு அக்கம்பக்கத்துப் பிள்ளைகள் நால்வரையும் நனையாமல் வீடு சேர்த்த ஆட்டோ ஓட்டுநருக்கும், தாழ்வாரத்தில் இருந்தவர்களுக்குச் சூடாகத் தேநீர் கொண்டுவந்து கொடுத்த தாய்மார்களுக்கும் பள்ளியின் சார்பில் மனமார்ந்த நன்றி.

இப்படிக்கு,
தலைமையாசிரியர்