பியானோவின் நாதமும் பிள்ளைகளின் கையும்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

பியானோ தேர்வுகளில் சிறப்பாகத் தேறிய நம் பிள்ளைகளின் படங்களை நாளிதழில் காணும்போதெல்லாம் மனம் நிறைகிறது. பிரிக்பீல்ட்சில் முப்பது ஆண்டுகளுக்கு மேலாகப் பியானோ கற்றுக்கொடுத்து வருபவள் என்ற முறையில், அந்த மகிழ்ச்சியோடு ஒரு கவலையையும் பெற்றோர் முன் வைக்க விரும்புகிறேன். விரல்கள் எவ்வளவு வேகமாக ஓடுகின்றன என்று பார்க்கிறோமே தவிர, அவை எழுப்பும் நாதம் காதுக்கு இனிக்கிறதா என்று கவனிப்பதை ஏறக்குறைய விட்டுவிட்டோம்.

சென்ற ஆண்டு, பியானோ தேர்வில் மூன்றாம் கிரேடு முடித்த ஒன்பது வயதுச் சிறுமி ஒருத்தி என்னிடம் வந்தாள். ஒரு சுரமும் தவறாமல் வாசித்தாள். ஆனால் ஒவ்வொரு சுரத்தோடும் விரல் கட்டையில் மோதும் 'டக்' என்ற சத்தமும் தனியாகக் கேட்டது. தோள்கள் காதுவரை ஏறியிருந்தன. அவளுடைய முன்கையை என் உள்ளங்கையில் ஏந்தி, "கையை அப்படியே என்மேல போட்டுடும்மா" என்றேன். போட்டுவிட்டதாகத்தான் அவள் நினைத்தாள். நான் என் கையை மெல்ல விலக்கியபோது அவள் கை விழவில்லை, அந்தரத்திலேயே நின்றது. அதைத் தூக்கிப் பிடித்துக்கொண்டிருப்பது தான்தான் என்பது அவளுக்கே தெரியவில்லை.

கை இறுகினால் நாதம் ஏன் கெடுகிறது என்பது கருவியின் அமைப்பைப் பார்த்தால் விளங்கும். பியானோவில் நாம் கம்பியைத் தொடுவதே இல்லை. கட்டையை அழுத்தினால் உள்ளே கம்பளி போர்த்திய சிறு சுத்தி எழும்புகிறது. கம்பியை எட்ட ஏறத்தாழ 2 மில்லிமீட்டர் இருக்கும்போதே அது கட்டையின் பிடியிலிருந்து விடுபட்டு, மீதித் தூரத்தைத் தானாகக் கடக்கிறது. 1700-ஆம் ஆண்டையொட்டி இத்தாலியின் புளோரன்சு நகரில் கிறிஸ்டோஃபோரி இக்கருவியை உருவாக்கியபோதே சுத்தி விடுபடும் இந்த ஏற்பாடு அதில் இருந்தது. ஆகவே ஓசை எழுந்த பிறகு கட்டையை எவ்வளவு அழுத்தினாலும் பயனில்லை. வீணையில் தந்தியை இழுத்துக் கமகம் கொடுப்பதுபோல இங்கே பிறகு எதையும் சேர்க்க முடியாது. கட்டை இறங்கும் அந்த 10 மில்லிமீட்டருக்குள் சுத்திக்கு எந்த வேகத்தைக் கொடுக்கிறோம் என்பதே காரியம். இறுகிய கைக்கு அந்த வேகத்தை அளந்து கொடுக்க வராது. அடித்து வாசிப்பதால் எழும் மரச்சத்தமும் இசையோடு கலந்துவிடுகிறது.

அச்சிறுமியோடு முதல் இரண்டு வாரங்கள் பாடல் எதையும் தொடவில்லை. நடுவிரலின் சதைப்பகுதியை முன்கூட்டியே கட்டையின் மேல் வைத்து, தோளிலிருந்து கையின் பாரத்தை இறங்கவிட்டு, மணிக்கட்டு சற்றே தாழ்ந்து கொடுக்க, விரலின் நுனிக்கணு மட்டும் ஒடிந்து விழாமல் உறுதியாக நிற்க, ஒரே ஒரு சுரம். அது முற்றிலும் அடங்கும்வரை கேட்ட பிறகே அடுத்தது. ஒரு கட்டையை இறக்க ஏறத்தாழ 50 கிராம் பாரமே போதும். அதனால் சுரம் ஒலித்தவுடன் மிஞ்சிய பாரத்தை எடுத்துவிட்டு, கட்டை மேலெழாத அளவுக்கு மட்டும் விரலில் வைத்துக்கொள்ள வேண்டும். நடக்கும்போது ஒரு காலிலிருந்து மறு காலுக்கு உடல் மாறுவதைப்போல அந்தப் பாரம் விரலுக்கு விரல் மாறினால் சுரங்கள் ஒன்றையொன்று பற்றிக்கொண்டு பாடும்.

பாரிசில் பல ஆண்டுகள் கற்பித்த போலந்து இசையமைப்பாளர் சோப்பின், மாணவரின் கையை முதலில் இ, எஃப் ஷார்ப், ஜி ஷார்ப், ஏ ஷார்ப், பி ஆகிய கட்டைகளின் மேல்தான் வைக்கச் செய்தார். நீண்ட விரல்கள் உயரமான கறுப்புக் கட்டைகளிலும், குட்டையான கட்டைவிரலும் சுண்டுவிரலும் வெள்ளைக் கட்டைகளிலும் அமர்வதால் கை தானாகவே இயல்பான வளைவுக்கு வந்துவிடுகிறது. நாம் எல்லாருக்கும் முதலில் சொல்லிக்கொடுக்கும் சி மேஜர் என்ற, வெள்ளைக் கட்டைகள் மட்டுமே கொண்ட சுரவரிசையை அவர் கடினமானதென்று கடைசிக்கு வைத்திருந்தார்.

தேர்வு நெருங்குகிறது, இதற்கெல்லாம் நேரமில்லை என்று பெற்றோர் சொல்வதுண்டு. இசைத் தேர்வுகளை நடத்தும் பிரிட்டிஷ் அமைப்பான ஏபிஆர்எஸ்எம்மின் தேர்வாளர்கள் பாடல்களுக்கு மதிப்பெண் இடும்போது கவனிக்கும் ஐந்து கூறுகளில் நாதமும் ஒன்று என்பதை அவர்களுக்கு நினைவூட்டுகிறேன். அச்சிறுமியை இவ்வாண்டு தேர்வுக்குப் பதியவில்லை என்றதும் அவளுடைய தாயார் வருந்தினார். இப்போது வகுப்பு முடியும் நேரத்துக்கு முன்பே வந்து, வெளியே நின்று கேட்கிறார்.

வீட்டில் கவனிக்க வேண்டியவையும் உண்டு. எடையற்ற கட்டைகள் கொண்ட மலிவான கீபோர்டில் கையின் பாரத்தைப் பழக முடியாது. பியானோ வாங்க இயலாதவர்கள், 88 கட்டைகளும் எடையூட்டப்பட்ட டிஜிட்டல் பியானோவையாவது பார்க்கலாம். முழங்கை ஏறத்தாழக் கட்டைகளின் மட்டத்துக்கு வரும்படி இருக்கையை உயர்த்துங்கள். அப்போது கால் தரைக்கு எட்டாத பிள்ளைக்குக் காலடியில் ஒரு மணை போடுங்கள். கால்கள் தொங்கினால் இடுப்பும் தோளும் இறுகி, அந்த இறுக்கம் விரல்வரை வந்துவிடுகிறது.

இப்படிக்கு,
பியானோ ஆசிரியை ஒருவர்,
பிரிக்பீல்ட்ஸ், கோலாலம்பூர்.