பிள்ளைகளுக்கு சீரியல் போர்ட்டைத் திருப்பித் தாருங்கள்

எங்கள் தொழில்நுட்பப் பயிற்சி நிலையத்தின் நிர்வாகத்தினருக்கும் கணினிப் பிரிவினருக்கும்,

வணக்கம். விடுமுறைக்குள் யாழ்ப்பாணக் கணினிக்கூடத்தில் நடந்த மாற்றம் உங்களுக்குத் தெரியும். விண்டோஸில் லினக்ஸ் பாணிப் புரோகிராம்களை எழுதி ஓட்ட உதவும் சைக்வின் என்ற மென்பொருளை எடுத்துவிட்டு, விண்டோஸுக்குள் லினக்ஸையே ஓட்டும் டபிள்யூஎஸ்எல் 2ஐப் போட்டீர்கள். அன்றிலிருந்து பிள்ளைகளின் புரோகிராம்களால் சீரியல் போர்ட்டை, அதாவது வெளிக் கருவிகளோடு தரவு பரிமாறும் இணைப்பை, தொட முடியவில்லை. நேரிலும் சொன்னோம், எழுதியும் தந்தோம். கடந்த வாரச் செயற்றிட்ட மதிப்பீட்டுக்குப் பிறகு இனியும் பொறுத்திருக்க மனம் வரவில்லை.

புன்னாலைக்கட்டுவனிலிருந்து வரும் பிள்ளை ஒருவர், கிணற்று நீரில் உவர் ஏறுவதை அளக்கும் கருவி செய்திருந்தார். ஆண்டு முழுவதும் ஓடும் ஆறில்லாத குடாநாட்டில் தோட்டம் செய்கிறவர்களுக்கு அதன் அருமை தெரியும். அதிலுள்ள அர்டுயினோ என்ற சிறு மின்னணுப் பலகை விநாடிக்கு 9600 பிட் வேகத்தில் அளவை அனுப்பும், கணினியிலுள்ள சி மொழிப் புரோகிராம் அதை வாங்கிப் பதியும். விண்டோஸில் காம்4 என்ற சீரியல் போர்ட் சைக்வினில் எண் ஒன்று குறைந்து டிடிஒய்எஸ்3 ஆகும். அதை நம்பித்தான் எழுதியிருந்தார். சைக்வின் உள்ள வீட்டுக் கணினியில் நன்றாக ஓடியது. கூடத்தில் டிடிஒய்எஸ்3 என்ற பெயர் பட்டியலில் இருந்தது. வேகத்தை அமைக்கப் போனதும் 'இன்புட் அவுட்புட் எரர்'. வயரைக் கழற்றினார், மாட்டினார், மறுபடி கழற்றினார். மதிப்பிட வந்தவர் மணிக்கூட்டைப் பார்த்தார். கருவி வேலை செய்யவில்லை என்று எழுதிப் புள்ளியைக் குறைத்தார்.

பட்டியலில் பெயர் இருக்கிறதே என்று எங்களுக்குப் பதில் வந்தது. டபிள்யூஎஸ்எல் 2 தனக்கென்று கெர்னல் (இயங்குதளத்தின் மையப்பகுதி) வைத்திருக்கும் மெய்நிகர் கணினி. விண்டோஸின் காம் போர்ட்டுகள் அதற்குள் தாமாகப் போகாது. யூஎஸ்பி கருவியை லினக்ஸுக்குக் கைமாற்றும் யூஎஸ்பிஐபிடி என்ற மென்பொருள் வழியாக அனுப்பலாம், ஆனால் முதல் தடவை கருவியைப் பகிர நிர்வாகி உரிமை வேண்டும். அது பிள்ளைகளுக்கும் இல்லை, எங்களுக்கும் இல்லை. உரிமை கிடைத்தாலும், லினக்ஸ் பக்கம் போன கருவி விண்டோஸுக்குத் தெரியாது. விண்டோஸில் அர்டுயினோவுக்குப் புரோகிராம் ஏற்றி, லினக்ஸில் வாசித்து, திருத்தி மறுபடி ஏற்றும் பிள்ளை ஒவ்வொரு முறையும் இணைத்துப் பிரிக்க வேண்டும். இரண்டு மணி நேரச் செய்முறை வகுப்பில் அதற்கு எங்கே நேரம்?

தயவுசெய்து சைக்வினை மீண்டும் போட்டுத் தாருங்கள். டபிள்யூஎஸ்எல் 2ஐ எடுக்கச் சொல்லவில்லை, இரண்டும் ஒரே கணினியில் இருக்கலாம். சைக்வினுக்குக் காசும் இல்லை.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். கொழும்பில் முடிவெடுத்த பிறகுதான் எங்களுக்குத் தெரிய வருகிறது. கதிரை வாங்குவதென்றாலும் மென்பொருள் மாற்றுவதென்றாலும் இதே கதைதான். வகுப்பில் நிற்கிறவரிடம் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் அந்தப் பிள்ளைக்கு இது நடந்திருக்காது. எங்கள் பிள்ளைகளின் உழைப்பு அவ்வளவு மலிவானதா?

சரி, கேட்க வந்ததைக் கேட்டுவிடுகிறேன். அடுத்த செய்முறை வகுப்புக்கு முன் சி புரோகிராமை உருவாக்கத் தேவையான ஜிசிசி, மேக் உட்பட சைக்வினை எல்லாக் கணினிகளிலும் நிறுவித் தாருங்கள். அப்புறம் அந்தப் பிள்ளைக்கு மறு மதிப்பீட்டுக்கு ஒரு நாள் குறியுங்கள். உங்கள் பதிலை எழுத்தில் எதிர்பார்க்கிறேன்.

நன்றி.

இப்படிக்கு,
மின்னணுப் பிரிவுப் போதனாசிரியர்,
யாழ்ப்பாணம்