யாருடைய சொல்லுக்கும் காத்திருக்க வேண்டாம்

திருத்துறைப்பூண்டி,
ஐப்பசி 25

அன்புள்ள தம்பிக்கு,

அம்மா எழுதிக்கொள்வது. இங்கே நானும் அப்பாவும் நலம். ஞாயிற்றுக்கிழமை வாய்மேட்டுக்குப் போய் மருமகளைப் பார்த்துவிட்டு வந்தேன். கால் கொஞ்சம் வீங்கியிருக்கிறது, ராத்திரியில் தூக்கம் பிடிக்கவில்லை என்கிறாள். பிரஷர் சரியாக இருக்கிறது. குழந்தை தலை கீழே திரும்பிவிட்டது. நிறைமாதத்தில் இதெல்லாம் இருக்கிறதுதான், நீ அங்கே உட்கார்ந்துகொண்டு பயப்படாதே.

டாக்டர் டிசம்பர் 4 என்று தேதி கொடுத்திருக்கிறார், குழந்தை பிறந்த பிறகு சிங்கப்பூரிலிருந்து கிளம்பி வந்தால் மூன்று வார லீவும் குழந்தையோடு இருக்கலாமே என்று கேட்டாய். போனில் இதற்குப் பதில் சொல்லி முடியாது. பிறந்த பிறகு வராதே தம்பி, முன்னாலேயே வா.

அந்தத் தேதி எப்படி வருகிறது தெரியுமா? கடைசியாக மாதவிலக்கு வந்த முதல் நாளிலிருந்து 40 வாரம் எண்ணிப் போடுகிற கணக்கு அது. சரியாக அந்த நாளிலேயே பிறக்கிற குழந்தைகள் நூற்றுக்கு நாலைந்துதான். நாளை மறுநாள் அவளுக்கு 37 வாரம் நிறைகிறது. அதற்குப் பிறகு எந்த நாளும் வலி வரலாம். தலைப்பிரசவம் என்பதால் தேதி தாண்டிப் போனாலும் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. 41 வாரம் ஆகியும் வலி வராவிட்டால் டாக்டர்களே அதற்கு மேல் விடாமல் வலி வரவழைக்க ஏற்பாடு செய்வார்கள். நான் கணக்குப் போட்டுப் பார்த்தேன். நவம்பர் 22-ஆம் தேதி வந்தால் டிசம்பர் 13 வரை இருப்பாய். அவளுக்கு 38 வாரம் தாண்டியதிலிருந்து 41 வாரம் தாண்டும் வரை நீ இங்கே இருக்கலாம். குழந்தையோடு இருக்கிற நாள் குறையலாம். ஆனால் அவளுக்கு நீ வேண்டியிருக்கிற நாட்கள் இவைதான்.

டிக்கெட் விஷயம் அவ்வளவுதான். அதைவிட முக்கியமான ஒன்றுக்காகத்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

எங்கள் நர்ஸ் பயிற்சியில் மூன்று தாமதங்கள் என்று சொல்லித் தருவார்கள். பிரசவத்தில் ஒரு தாய் இறந்துபோனால் பெரும்பாலும் இந்த மூன்றில் ஒன்று இருக்கும். ஆஸ்பத்திரிக்குப் போவது என்று வீட்டில் முடிவெடுக்கத் தாமதம், ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேரத் தாமதம், போன இடத்தில் சிகிச்சை கிடைக்கத் தாமதம். நான் வேலையில் சேர்ந்த காலத்தில் இரண்டாவதுதான் பெரிய பயம். மாட்டு வண்டியிலும் டிராக்டரிலும் பெண்களை ஏற்றிக்கொண்டு போனதைப் பார்த்திருக்கிறேன். 2008-இல் 108 வந்த பிறகு அந்தப் பயம் பாதி குறைந்தது. தார் ரோடும் வந்தது. ஆனால் முதல் தாமதம் இருக்கிறதே, அதற்கு ரோடும் வண்டியும் என்ன செய்யும்?

அது எப்படி நடக்கும் என்று சொல்கிறேன். சாயங்காலம் இடுப்பு வலி ஆரம்பிக்கும். பெரியவர்கள் சூட்டு வலி என்பார்கள், சீரகக் கஷாயம் வைத்துக் கொடுப்பார்கள். அதில் ஒன்றும் தப்பில்லை, நிறைய தடவை அது பொய் வலியாகத்தான் இருக்கும். நடு ராத்திரியில் வலி நெருங்கும். விடியட்டும் என்பார்கள். விடிந்ததும் நல்ல நேரம் பார்ப்பார்கள். அப்புறம் யாராவது ஒருவர், மாப்பிள்ளைக்கு ஒரு வார்த்தை சொல்லிவிட்டுக் கிளம்பலாமே என்பார். மாப்பிள்ளை துபாயிலோ சிங்கப்பூரிலோ ஷிப்டில் இருப்பான், போன் லாக்கரில் இருக்கும். எல்லாரும் அவன் திரும்பக் கூப்பிடுவதற்காகத் திண்ணையில் உட்கார்ந்திருப்பார்கள். நம் பக்கத்தில் வீட்டுக்கு ஒருவர் வெளிநாட்டில் இருப்பதால் இதைத் திரும்பத் திரும்பப் பார்த்தேன். யாரும் கெட்டவர்கள் இல்லை. மரியாதைக்காகக் காத்திருந்தார்கள்.

உன் பெண்டாட்டி அப்படிக் காத்திருக்கக் கூடாது. நீயே உன் வாயால் சம்பந்தி வீட்டில் எல்லார் காதிலும் விழும்படி சொல்ல வேண்டும்: ஆஸ்பத்திரிக்குப் போகவோ, ஊசி போடவோ, ஆபரேஷன் செய்யவோ என்னைக் கேட்க வேண்டாம், போகும் வழியில் தகவல் சொன்னால் போதும் என்று. நான் சொன்னால் மாமியார் சொல்வதாக இருக்கும், சம்பந்தி அம்மாவே சொன்னாலும் மாப்பிள்ளை என்ன நினைப்பாரோ என்ற தயக்கம் அவர்களுக்குள் இருக்கும். அந்தத் தயக்கத்தை உன்னால்தான் எடுக்க முடியும். ஆபரேஷனுக்கு அவள் சம்மதித்து அவள் போடுகிற கையெழுத்தே சட்டப்படி போதும். ஆனாலும் வழக்கத்தில் வீட்டுக்காரர் எங்கே என்று கேட்பார்கள். நீ இங்கே இருந்தால் அந்தக் கேள்வியே வராது.

எப்போது கிளம்ப வேண்டும் என்பதை அவளுக்கும் அவள் அம்மாவுக்கும் சொல்லியிருக்கிறேன், நீயும் தெரிந்துகொள். வலி விட்டு விட்டு வரும். நடந்தாலும் படுத்தாலும் நிற்காமல், ஐந்து நிமிடத்துக்கு ஒரு தடவை, ஒவ்வொரு தடவையும் ஒரு நிமிடம் வரை நீடித்து, இப்படி ஒரு மணி நேரம் போனால் அது நிஜ வலி. பொய் வலி கொஞ்ச நேரத்தில் ஓய்ந்துவிடும். இது வீடு ஆஸ்பத்திரிக்குப் பக்கத்தில் இருப்பவர்களுக்கான கணக்கு. வாய்மேட்டிலிருந்து வர வேண்டும், அதுவும் மழைக்காலம் என்பதால் அவ்வளவு நெருங்கும்வரை வீட்டில் இருக்கத் தேவையில்லை, பத்து நிமிடத்துக்கு ஒரு தடவை ஒழுங்காக வர ஆரம்பித்ததுமே கிளம்பலாம் என்று சொல்லியிருக்கிறேன்.

வலியே இல்லாவிட்டாலும் கிளம்ப வேண்டிய நேரங்கள் உண்டு. பனிக்குடம் உடைந்து தண்ணீர் போனால் உடனே கிளம்ப வேண்டும். அது பச்சையாகவோ பழுப்பாகவோ இருந்தால் குழந்தை உள்ளேயே மலம் கழித்துவிட்டது என்று அர்த்தம், துளியும் தாமதிக்கக் கூடாது. சளி மாதிரி லேசாக ரத்தம் கலந்து பட்டால் அது வலி வரப்போவதற்கான அறிகுறி, பயமில்லை. தீட்டு மாதிரி ரத்தம் போனால் 108 கூப்பிட வேண்டும். விடாத தலைவலி, கண் மங்கல், முகமும் கையும் திடீரென்று வீங்குதல், மேல் வயிற்றில் வலி, இதெல்லாம் பிரஷர் ஏறுவதன் அடையாளம், விட்டால் ஜன்னி, அதாவது வலிப்பு, வந்துவிடும்.

அப்புறம் குழந்தையின் துடிப்பு. பிரசவம் நெருங்கினால் பிள்ளை அடங்கிவிடும் என்று ஊரில் சொல்வார்கள். அது சரியில்லை. இடம் குறைவதால் உதை வேறு மாதிரி தெரியலாம், ஆனால் அசைவு குறையக் கூடாது. சாப்பிட்டுவிட்டு இடது பக்கமாக ஒருக்களித்துப் படுத்து எண்ணினால் இரண்டு மணி நேரத்துக்குள் பத்து அசைவாவது தெரிய வேண்டும். தெரியாவிட்டால் காலையில் பார்க்கலாம் என்று இருக்காமல் போய்க் காட்ட வேண்டும். தினமும் போனில் அவளிடம் என்ன சாப்பிட்டாய் என்று கேட்கிறாயாம். இனிமேல் பிள்ளை நன்றாக அசைகிறதா என்று கேள்.

அவளுக்கு ஓ நெகட்டிவ் ரத்தம், உனக்கு பி பாசிட்டிவ். இது உனக்குத் தெரியும், ஆனால் அதன் விளைவு தெரியுமா என்று சந்தேகம். குழந்தை பாசிட்டிவாக இருந்தால் அந்த ரத்தத்துக்கு அவள் உடம்பில் எதிர்ப்பு உண்டாகலாம். அதைத் தடுக்க 28-ஆவது வாரத்தில் ஆன்டி-டி ஊசி போட்டாகிவிட்டது. குழந்தை பிறந்ததும் தொப்புள்கொடி ரத்தத்தை எடுத்துப் பார்ப்பார்கள். குழந்தை பாசிட்டிவ் என்றால் 72 மணி நேரத்துக்குள் அவளுக்கு இன்னொரு ஊசி போட வேண்டும். இந்தக் குழந்தைக்கு இதனால் ஒன்றும் இல்லை, அடுத்த குழந்தைக்காகப் போடுவது. பிறந்த சந்தோஷத்தில் இதை மறந்துவிட்ட வீடுகள் உண்டு. ஆஸ்பத்திரியில் அவர்களே செய்வார்கள் என்றாலும் நீ ஞாபகமாகக் கேட்டு, அட்டையில் எழுதியிருக்கிறார்களா என்று பார்க்க வேண்டும். இன்னொன்று, பிரசவத்தில் ரத்தப்போக்கு அதிகமானால் அவளுக்கு ஓ நெகட்டிவ்தான் ஏற்ற ரத்தம். உன் ரத்தம் சேராது. அந்த குரூப் நம் நாட்டில் மிகக் குறைவு. எனக்குத் தெரிந்த இரண்டு பேரிடம் பேசி வைத்திருக்கிறேன். உன் பள்ளிக்கூடத்து சிநேகிதர்களிடமும் விசாரி. திருவாரூர் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு அனுப்ப நேர்ந்தால் அங்கே வந்து கொடுக்கக்கூடியவர்களாக இருக்கட்டும்.

இப்போது மழைக்கு வருகிறேன். என் மனசில் அதிகம் ஓடுவது இதுதான். கார்த்திகையில் வங்காள விரிகுடாவில் என்ன கிளம்பும் என்று யாருக்கும் தெரியாது. 2018 நவம்பர் 16 விடியற்காலை கஜா வேதாரண்யம் பக்கம் கரை கடந்ததே, நீ அப்போது சென்னையில் இருந்தாய். தென்னை மரங்கள் ரோட்டை மறித்துக் கிடந்தன, கரண்ட் வாரக்கணக்கில் இல்லை, போன் டவர் இல்லை. அப்படிப்பட்ட நாளில் 108-ஐக் கூப்பிடுவதே முடியாது, பிறகு எங்கே வருவது? புயல் எச்சரிக்கை வந்தால் பிரசவ தேதி நெருங்கிய பெண்களைப் பட்டியல் எடுத்து முன்கூட்டியே ஆஸ்பத்திரியில் சேர்ப்பது எங்கள் வேலை. வலி இல்லாமல் எதற்கு வர வேண்டும் என்று சண்டை போட்ட வீடுகளும் உண்டு. அழைத்துப் போகாமல் நகர மாட்டேன் என்று உட்கார்ந்திருக்கிறேன்.

திருச்சி மலைக்கோட்டைத் தாயுமானவர் கதை உனக்குச் சின்ன வயசில் சொல்லியிருக்கிறேன். காவிரியில் வெள்ளம் வந்து அம்மா அக்கரையில் மாட்டிக்கொள்ள, ரத்னாவதிக்கு சுவாமியே தாயாக வந்து பிரசவம் பார்த்தார் என்று. இந்த ஆற்றங்கரையில் எத்தனை அம்மாக்கள் எத்தனை வெள்ளத்தில் அப்படித் தவித்திருந்தால் அந்தக் கதை பிறந்திருக்கும் என்று நான் யோசிப்பேன். சுவாமி வருவார் என்று நம்புகிறவள்தான் நானும். ஆனால் மழை வரும் என்று வானிலை அறிக்கை சொல்கிற காலத்தில் நாம் செய்ய வேண்டியதை நாம் செய்துவிட வேண்டும்.

அதனால் சம்பந்தி அம்மாவிடம் ஒன்று கேட்டிருக்கிறேன். ரெட் அலர்ட் என்று அறிவித்தால் அன்றைக்கே மருமகளை இங்கே நம் வீட்டுக்குக் கூட்டி வந்துவிட வேண்டும், ஆஸ்பத்திரி பக்கம். வளைகாப்பு முடிந்து பிறந்த வீட்டுக்குப் போன பெண் பிள்ளையோடுதான் திரும்ப வேண்டும் என்று அவர்கள் தயங்கினார்கள். நீங்களும் கூடவே வாருங்கள், நீங்கள் இருக்கிற இடம்தான் அவளுக்கு அம்மா வீடு, உள் ரூம் உங்களுக்குத்தான், சமையலும் உங்கள் இஷ்டம் என்றேன். பாதி மனசாகச் சரி என்றிருக்கிறார்கள். நீயும் ஒரு வார்த்தை சொன்னால் முழு மனசாகிவிடும். வண்டிக்கு இரண்டு டிரைவர்களின் நம்பர் கொடுத்து வைத்திருக்கிறேன்.

பை தயாராக இருக்கிறது. தாய் சேய் நல அட்டை, ஸ்கேன் ரிப்போர்ட், ஆதார் நகல் எல்லாம் பிளாஸ்டிக் கவரில் போட்டு மேலேயே வைத்திருக்கிறோம். கர்ப்பத்தைப் பதிவு செய்தபோது அரசு கொடுத்த பிக்மி நம்பரை நீயும் போனில் குறித்து வை, பிறப்புச் சான்றிதழுக்கு அதுதான் வேண்டும். அப்பாவின் பழைய வேட்டிகளைத் துவைத்துக் காயவைத்துக் கிழித்து மடித்திருக்கிறேன். கார்த்திகை மழையில் ஒரு துணி காயாது, அதனால் நிறையவே வைத்திருக்கிறேன். சம்பந்தி அம்மா திருக்கருகாவூர் கர்ப்பரட்சாம்பிகை கோயிலுக்குப் போய் விளக்கெண்ணெய் வாங்கி வந்திருக்கிறார்கள். வயிற்றில் தடவட்டும், அவளுக்கும் மனசுக்கு நிம்மதி. வலி வர வேண்டும் என்று யாராவது விளக்கெண்ணெயைக் குடிக்கக் கொடுத்தால் மட்டும் தடுத்துவிடச் சொல்லியிருக்கிறேன்.

அரசு ஆஸ்பத்திரியில் பிரசவ அறைக்குள் துணைக்கு ஒரு பெண்ணை விடுவார்கள். அவள் அம்மா உள்ளே இருப்பார்கள். நீ வெளியேதான் நிற்க வேண்டியிருக்கும். அதற்கு எதற்கு நான் என்று நினைக்காதே. முதல் பிரசவத்தில் வலி ஒரு நாள் முழுக்க நீடிக்கலாம். அறைக்குள் போகும் முன்பு பல மணி நேரம் வராந்தாவில் நடப்பாள். அப்போது கூடவே நட. வலி வரும்போது இடுப்பின் கீழ்ப்பக்கம் உள்ளங்கையால் அழுத்திக் கொடு. தண்ணீர் கொடு. பேச வேண்டாம் என்றால் பேசாதே. பக்கத்தில் நம் ஆள் இருக்கிறார் என்ற தைரியத்தில் பெண்கள் எவ்வளவு தாங்குகிறார்கள் என்பதை நான் கண்ணால் பார்த்தவள்.

ஆபரேஷன் என்று சொன்னால் முகம் சுருங்காதே. சுகப்பிரசவம் ஆகவில்லையா என்று ஊர் கேட்கும், அதற்கு நீயே பதில் சொல், அவளைச் சொல்ல விடாதே. குழந்தை பிறந்த தகவல் வந்ததும் ஆணா பெண்ணா என்று கேட்கும் முன் அவள் எப்படி இருக்கிறாள் என்று கேள். முதல் ஒரு மணி நேரத்துக்குள் சீம்பால் கொடுத்துவிட வேண்டும். சேனை வைக்கிறேன் என்று யாராவது சர்க்கரைத் தண்ணீரோ தேனோ கொண்டு வந்தால், வேண்டாம் பாட்டி, டாக்டர் சொல்லியிருக்கிறார் என்று நீ தன்மையாகச் சொல். மாப்பிள்ளை சொன்னால் கேட்டுக்கொள்வார்கள்.

இந்தக் கடிதத்தை அப்பா போட்டோ எடுத்து அனுப்புகிறார். படித்ததும் இன்று ராத்திரியே, எட்டு மணிக்கு அவர்கள் எல்லாரும் வீட்டில் இருக்கும் நேரமாகப் பார்த்து, வாய்மேட்டுக்குப் போன் போடு. ஸ்பீக்கரில் போடச் சொல். அவளுடைய தாத்தாவுக்குக் காது கொஞ்சம் மந்தம், சத்தமாகப் பேசு.

அன்புடன்,
அம்மா