பியூஸைக் கழற்றியது நான்தான்

அன்புள்ள குஞ்சுவுக்கு,

கராஜில் கிடந்த உன் நாலு பெட்டிகளில் மூன்றைப் பிரித்துவிட்டோம். உடுப்புகளை அம்மா தோய்த்துக் காயப் போட்டிருக்கிறா. புத்தகங்களை ஈரம் படாத இடமாகப் பார்த்து அடுக்கியிருக்கிறேன். நீ பெர்லினுக்கு அனுப்பச் சொல்லிக் கேட்ட இசைத்தட்டு மூன்றாவது பெட்டிக்குள் இருந்தது. "ஹொப்ஸ் ஏஞ்சல் ஒஃப் டெத் எண்டு போட்டிருக்கும் அப்பா, அதை மட்டும் கவனமா அனுப்புங்கோ" என்று நீ போனில் சொன்னபோது ஒரு துண்டில் எழுதி ஃபிரிட்ஜில் ஒட்டி வைத்தேன். அது மெற்றல் என்கிற வேகமான ரொக் இசை வாசிக்கிற ஒரு குழுவின் பெயர் என்று தெரியாமல், அம்மா அதைப் பார்த்து ஏதோ எலி மருந்தின் பெயர் என்று நினைத்தாவாம்.

அனுப்புவதற்கு முன்னம் கீறல் இருக்கிறதா பார்ப்போம் என்று பிளேயரில் போட்டேன். அது சாட்டுத்தான். இத்தனை வருடமாய் உன் அறைக் கதவுக்கு வெளியே நின்று கேட்டதை, ஒருதரம் உள்ளே இருந்து கேட்டால் என்ன என்று தோன்றியது.

அதற்கு முதல் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். நீ பத்தாம் வகுப்பில் இருந்தபோது உன் கிற்றார் அம்பிளிஃபையர் ஒரு கிழமை செத்துக் கிடந்தது ஞாபகம் இருக்கா? பின்பக்கத்து பியூஸைக் கழற்றி என் டூல்ஸ் பெட்டிக்குள் போட்டது நான்தான். இரவு வேலை முடித்து விடியப்புறம் வந்து படுக்கிறவனுக்கு வேறு வழி தெரியவில்லை. ஒரு கிழமைக்குப் பிறகு, ஏதோ பெரிய வேலை செய்தவன் மாதிரி, "இந்தா, அப்பா திருத்திட்டன்" என்று பூட்டியும் தந்தேன். நீ ஓடிவந்து கட்டிப்பிடித்தாய். அதுதான் இன்றைக்கும் உறுத்துகிறது.

சரி, தட்டுக்கு வருகிறேன்.

முதல்தரம் போட்டபோது ஒன்றும் பிடிபடவில்லை. பழைய இரைச்சல்தான். இரண்டாம்தரம் கண்ணை மூடிக்கொண்டு, இதைப் பாட்டு என்று நினைக்காமல் ஓடுகிற மெஷின் என்று நினைத்துக் கேட்டேன். முப்பது வருடம் மெஷின் திருத்தின காது இது. பக்கத்தில் போய் நின்றால் போதும், எந்த பெல்ற் தளர்ந்திருக்கிறது, எந்த பேரிங் இன்னும் இரண்டு நாளில் போகும் என்று சொல்லிவிடுவேன். அந்தக் காதைக் கொடுத்தபோதுதான் ட்ரம்ஸ்காரன் என்ன செய்கிறான் என்று விளங்கியது. இரண்டு காலும் மாறி மாறி மிதிக்கிறது, கைகள் மேலே வேறு கணக்கில் ஓடுகின்றன. நட்டு கழரப்போகிறது, இப்போது கழரப்போகிறது என்று நான் காத்துக்கொண்டே இருந்தேன். கழரவில்லை. அந்த வேகத்தில் எந்த மெஷினும் கொஞ்சம் நடுங்கும், இவனும் நடுங்குகிறான்தான். நடுங்கிக்கொண்டே தாளத்தை விடாமல் பிடித்திருக்கிறான். நடுக்கமே இல்லாமல் அடித்திருந்தால் எனக்கு இவ்வளவு பிடித்திருக்காது.

பிறகு கிற்றார். வலது உள்ளங்கையின் ஓரத்தைத் தந்திமேல், பிரிட்ஜுக்குப் பக்கத்தில், லேசாக வைத்துக்கொண்டு அடிப்பதை ஒருநாள் குசினி மேசையில் இருந்து எனக்குக் காட்டினாயே. கையை வைத்தால் 'டுக் டுக்' என்று கட்டையில் தட்டின மாதிரி விழும், எடுத்தால் வாய் திறந்து இரையும். அன்றைக்கு அம்மாவின் கறிச்சட்டியைப் பார்த்துக்கொண்டு தலையாட்டினேன். இந்தத் தட்டில் பாதி விஷயம் அந்தக் கையை வைப்பதிலும் எடுப்பதிலும்தான் இருக்கிறது போலத் தெரிகிறது. இரண்டு கிற்றாரும் ஒரே நேரம் கையை எடுக்கிற இடங்களில், ஆஸ்பத்திரிக் கொரிடோரில் இருந்து திடீரென்று வெயிலுக்குள் வந்த மாதிரி இருக்கிறது.

குழுவின் பாட்டுக்காரர் பீற்றர் ஹொப்ஸின் குரலைப் பற்றி அம்மாவும் நானும் ஒத்துப்போகவில்லை. எனக்கு அது மீன்சந்தையில் தொண்டை கட்டின பிறகும் விடாமல் ஏலம் கூறுகிறவனின் குரல். கட்டியிருந்தாலும் சொல் ஒவ்வொன்றும் தாளத்தில்தான் விழுகிறது. அம்மா சொன்னது: "ஆரோ அந்தாளுக்குச் சுடுதண்ணி குடுங்கோ."

உறையின் பின்பக்கத்தைப் படித்தபோதுதான் நிமிர்ந்து இருந்தேன். மெல்பேர்ண் குழு, ஆனால் தட்டு பதிவானது உன் பெர்லினில். மியூசிக் லேப் என்ற ஸ்டூடியோ, தயாரிப்பு ஹாரிஸ் ஜோன்ஸ், வெளியிட்டது ஸ்டீம்ஹாமர் என்ற ஜேர்மன் நிறுவனம், வருடம் 1988. ஜேர்மன் குழுக்களான கிரியேட்டரின் 'பிளெஷர் டு கில்' (1986), சோடமின் 'பெர்சிக்யூஷன் மேனியா' (1987) எல்லாம் இதே ஹாரிஸ் ஜோன்ஸ் செய்தவை என்று நீ சாப்பாட்டு மேசையில் சொல்வாய். நான் 'ம்' போட்டுக்கொண்டு புட்டைக் குழைத்துக்கொண்டு இருப்பேன். எப்படியோ காதில் தங்கியிருக்கிறது, பார்.

1988இல் பெர்லின் மதில் நின்றது. அதற்கு மூன்று வருடம் முதல், 1985இல், உன் சித்தப்பா கிழக்கு பெர்லினுக்குப் பக்கத்தில் ஷோனஃபெல்ட் விமான நிலையத்தில் போய் இறங்கினான். அந்தக் காலத்தில் எங்கட பெடியள் எத்தனையோ பேர் போன வழி அது. கிழக்கு ஜேர்மனிக்காரர் ட்ரான்சிற் விசாவைக் குத்திவிட்டு, பிரீட்ரிக்ஸ்ட்ராஸ ஸ்டேஷன் வழியாக மேற்குப் பக்கம் விட்டுவிடுவார்கள். மேற்குக்காரர் அதை எல்லை என்றே ஏற்றுக்கொள்ளாதபடியால் அங்கே நிறுத்திக் கேட்க ஆள் இருக்கவில்லை. கையில் ஒரு பை, அதற்குள் இரண்டு சேர்ட், ஐயாவின் முகவரி எழுதின கொப்பி ஒன்று. அவ்வளவுதான் அவனிடம் இருந்தது. நான் இரண்டு வருடம் கழித்து இந்தப் பக்கம், மெல்பேர்ணுக்கு, வந்தேன். நான் டண்டினோங்கில் இரவு வேலை பழகிக்கொண்டிருந்த வருடத்தில், இதே ஊரில் இருந்து நாலு பெடியள் கிற்றாரையும் தூக்கிக்கொண்டு, ஏறக்குறைய 16,000 கிலோமீற்றர் பறந்து, மதிலால் சுற்றி அடைத்த அந்த ஊரில் போய் இறங்கியிருக்கிறார்கள். இதைச் சித்தப்பாவிடம் சொன்னேன். "அவங்களுக்கு ரிட்டர்ன் டிக்கெட் இருந்திருக்கும்" என்றான். அதுவும் சரிதான்.

அந்த வருடங்களில் ஃபிளின்டர்ஸ் ஸ்ட்ரீட் ஸ்டேஷன் படிகளில் கறுப்பு ரீசேர்ட்டோடும் தோளுக்குக் கீழே தொங்குகிற தலைமயிரோடும் பெடியள் இருப்பார்கள். நான் சாப்பாட்டுப் பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு ஓரமாய் ஏறிப் போவேன். அவர்கள் என்னைத் திரும்பியும் பார்த்ததில்லை. பயந்தது நான் மட்டும்தான்.

நீ அடிக்கடி சண்டை பிடிக்கிற விஷயம் ஒன்று உண்டு. "ஸ்லேயரைப் பார்த்துச் செய்தது" என்று சொல்லி இதை ஒதுக்கிவிடுகிறார்கள் என்பது. ஸ்லேயர் என்ற கலிஃபோர்னியாக் குழுவின் 'ரெய்ன் இன் பிளட்' 1986இல் வந்தது, அதன் முதல் பாட்டின் பெயரே 'ஏஞ்சல் ஒஃப் டெத்'. அடுத்த வருடமே அந்தப் பெயரில் ஒருவன் குழு தொடங்கினால் ஆட்கள் சொல்லத்தானே செய்வார்கள்? பெயர் வைத்ததில் ஹொப்ஸ் தன் தலையில் தானே மண் அள்ளிப் போட்டார் என்றுதான் நினைக்கிறேன். உனக்குக் கோபம் வந்தாலும் பரவாயில்லை.

ஆனால் தட்டைக் கேட்ட பிறகு உன் பக்கம்தான் நிற்கிறேன். யார் நாதஸ்வரத்தில் தோடி எடுத்தாலும் ராஜரத்தினம்பிள்ளையின் நினைப்பு வரும். அதற்காக இணுவிலிலும் அளவெட்டியிலும் விடிய விடிய வாசித்தவர்களை எல்லாம் நகல் என்று தள்ளிவிட முடியுமா? உன் பெட்டியில் 'ரெய்ன் இன் பிளட்'டும் இருந்தது, அதையும் போட்டேன். அது 29 நிமிடத்தில் வந்து குத்திவிட்டு ஓடிவிடுகிறது. ஒரு வீண் சொல் இல்லை, பெரிய கெட்டிக்காரத்தனம். ஹொப்ஸ் தன் பத்துப் பாட்டுக்கும் அதைவிடக் கூட நேரம் கொடுக்கிறார். ஒரு மெட்டைப் பிடித்தால் அதில் கொஞ்சம் குந்தியிருக்கிறார். மினுக்கம் குறைவு, கரடு கூட. கலிஃபோர்னியாக்காரரிடம் இல்லாத ஒரு பிடிவாதம் இருக்கிறது. தான் வாசித்ததற்கு 'வேர்ஜின் மெற்றல்' என்று தானே ஒரு பெயரும் வைத்திருக்கிறார். 1987இல் செய்த டெமோவின் (மாதிரிப் பதிவின்) பெயரே 'வேர்ஜின் மெற்றல் இன்வேஷன் ஃப்ரம் டவுன் அண்டர்'. தூரத்து ஊரில் இருந்து படையெடுக்கிறாராம்! எனக்குச் சிரிப்பு வந்தது, பிறகு பிடித்தும் போனது.

ஏன் எடுபடாமல் போனது என்று நானும் யோசித்துப் பார்த்தேன். 1988 என்பது ஸ்லேயர், மெற்றாலிக்கா, மெகாடெத், ஆந்த்ராக்ஸ் நாலு பேரும் ஆளுக்கொரு தட்டுப் போட்ட வருடம். அந்த நெரிசலுக்குள் மெல்பேர்ண் குழுவின் முதல் தட்டை யார் தேடி எடுப்பான்? ஜேர்மன்காரப் பெடியள் என்றால் ஒரு வான் வண்டியில் ஏறி, இரவுக்கு ஓர் ஊராய் வாசித்துப் பெயர் எடுப்பார்கள். இங்கே இருந்து அந்த வண்டியில் அடிலெய்ட் போகவே ஒரு பகல் வேணும். அடுத்த தட்டு 'இன்ஹெரிட்டன்ஸ்' வந்தது 1995இல். ஏழு வருடம், குஞ்சு. கடைக்காரன் ஏழு வருடம் கதவைச் சாத்தி வைத்தால் வாடிக்கைக்காரர் வேறு தெருவுக்குப் போய்விடுவார்கள். அதற்குள் த்ராஷ் என்கிற இந்த வேக மெற்றலைக் கேட்டவர்களே குறைந்து, சாத்தானைப் பாடுகிற பிளாக் மெற்றல் என்றாலே நோர்வே என்று ஆகிவிட்டது.

அந்த பிளாக் மெற்றல் கதையில்தான் இந்தத் தட்டுக்கு ஒரு கதிரை போட வேண்டும் என்று நீ சொல்வாய். 90களில் இதே மெல்பேர்ணில் இருந்து பெஸ்டியல் வோர்லஸ்ட், டிஸ்ட்ராயர் 666, கொஸ்பல் ஒஃப் த ஹோர்ன்ஸ் என்று வரிசையாய் வந்தவர்கள் த்ராஷையும் பிளாக் மெற்றலையும் ஒரே சட்டியில் போட்டுக் காய்ச்சினார்கள். ஹொப்ஸோடு இருந்த ஃபில் கிரெசிக் பிறகு டிஸ்ட்ராயர் 666இலும் வாசித்தவர். பேரப்பிள்ளைகளைத் தெரிந்தவர்களுக்குத் தாத்தாவைத் தெரியவில்லை என்பது உன் கட்சி. டிஸ்ட்ராயர் 666 தட்டும் பெட்டியில் இருந்தது, நாலு பாட்டுக் கேட்டேன். சாயல் இருக்கிறது. மூக்கு அப்படியே.

சாத்தான் விஷயத்துக்கு அம்மா அன்றைக்குக் கோயிலில் உன் பெயரில் அர்ச்சனை செய்தது உனக்குத் தெரியாது. இப்போது சொல்கிறேன். பாட்டுப் பெயர்களைப் படித்தேன்: 'சாத்தான்ஸ் குருசேட்', 'லூசிஃபர்ஸ் டொமெய்ன்'. சிலுவையைப் பார்த்து வளர்ந்த பிள்ளைகளுக்கு அது வீட்டுக்குள் நடக்கிற சண்டை. எங்களுக்கும் சாத்தானுக்கும் அப்படி ஒரு கொடுக்கல் வாங்கல் இருந்ததே இல்லை, ஆகையால் எனக்கு அது சும்மா பேய்க்கதை. என்னை நிறுத்தினது மற்றப் பாட்டுகள். 'ஜாக் த ரிப்பர்' லண்டனில் கொலை செய்தது 1888இல், தட்டு வந்தது சரியாய் நூறு வருடம் கழித்து. 'மேரி அன்டோனெட்' வந்ததும் நீ பள்ளிக்கூடத்தில் அந்த அரசியைப் பற்றி எழுதி முதல் பரிசு வாங்கின கட்டுரை ஞாபகம் வந்தது. 1793, கில்லட்டின், எல்லாம் பிழையில்லாமல் எழுதியிருந்தாய். நான் எல்லாரிடமும் காட்டிப் பெருமைப்பட்டேன். அந்தத் தலைப்பு எங்கே இருந்து வந்தது என்று இப்போதல்லவா தெரிகிறது!

2019இல் ஒருநாள் நீ வேலையால் கண் சிவந்து வந்தாய். என்ன என்று கேட்டதற்கு, "ஹொப்ஸ் செத்துப்போனார் அப்பா" என்றாய். உன் வேலைத்தலத்து ஆள் என்று நினைத்து, "எத்தனை பிள்ளைகள்?" என்று கேட்டேன். நீ ஒன்றும் சொல்லாமல் அறைக்குள் போனாய். கொஞ்ச நேரத்தில் இந்தத் தட்டின் சத்தம் கேட்டது. நான் வந்து, அம்மாவுக்குத் தலையிடி, கொஞ்சம் குறை என்று கதவில் தட்டினேன். 2016இல் 'ஹெவன் பிளெட்' என்று ஒரு தட்டுப் போட்டுவிட்டு, இத்தாலியில் போய் இறந்த மனுசனுக்காக என் வீட்டுக்குள் ஒரு பிள்ளை அழுதுகொண்டிருந்தது. நான் தலையிடியைப் பற்றிக் கதைத்தேன்.

பிரீட்ரிக்ஸ்ட்ராஸ ஸ்டேஷன் பக்கம் போனால் ஒரு படம் எடுத்துச் சித்தப்பாவுக்கு அனுப்பு. கேட்க மாட்டான், ஆனால் பார்க்க ஆசை இருக்கும்.

தட்டுக்கு அளவாய் மட்டைப் பெட்டி ஒன்று வாங்கி வைத்திருக்கிறேன். உறையின் ஒரு மூலை மடிந்திருந்தது, இரண்டு தடித்த புத்தகத்துக்கு நடுவில் வைத்து நிமிர்த்துகிறேன். பருத்தித்துறை வடையும் அதே பார்சலில் வைக்கவேணும் என்று அம்மா ஒற்றைக் காலில் நிற்கிறா. எண்ணெய் பட்டால் உறை போச்சு, வடைக்குத் தனிப் பார்சல் என்று சொல்லிவிட்டேன். வடை நாளைக்குப் போகும். தட்டு அடுத்த கிழமை. 'பியூபோனிக் பிளேக்' பாட்டில் ஓர் இடத்தில் ட்ரம்ஸ்காரன் என்ன செய்கிறான் என்று எனக்கு இன்னும் பிடிபடவில்லை.

அன்புடன்,
அப்பா