பள்ளக்காட்டுக் குப்பைமேட்டை விரிக்கும் முன்: அம்பாறைக் கரையோர உள்ளூராட்சி சபைகளுக்கு ஒரு திறந்த மடல்

கௌரவ தவிசாளர்களுக்கும் உறுப்பினர்களுக்கும் ஸலாமும் வணக்கமும்.

சம்மாந்துறை, கல்முனையிலிருந்து அக்கரைப்பற்று, ஆலையடிவேம்பு வரை நம் ஊர்களின் குப்பை பள்ளக்காட்டில்தான் கொட்டப்படுகிறது. இடம் போதவில்லை, மேட்டை விரிக்க வேண்டும் என்ற பேச்சு எழும்போதெல்லாம் காணியும் பெக்கோ இயந்திரமும்தான் முன்னுக்கு வருகின்றன. அங்கே இரை தேடி வரும் யானைகளைப் பற்றியும் அதே கூட்டத்தில் பேசுங்கள் என்று கேட்கவே இதை எழுதுகிறேன்.

2022 ஜனவரியில் இரண்டு யானைகள் அங்கே இறந்து கிடந்தன. அதற்கு முந்தைய எட்டு ஆண்டுகளில் அந்த மேட்டில் பிளாஸ்டிக் தின்று இறந்தவை ஏறத்தாழ 20 என்று அப்போது செய்தி வந்தது. வயிற்றை அறுத்துப் பார்த்த மருத்துவர் கண்டது பொலித்தீனும் உணவு சுற்றிய உறைகளும் தண்ணீரும்தான். யானை வழக்கமாகத் தின்னும் இரை எதுவும் இல்லை. 22 மாதம் சுமந்து ஒரு குட்டி ஈனும் விலங்குக்கு 20 என்பது சிறிய இழப்பன்று.

யானை பொலித்தீனைத் தேடி வருவதில்லை. சோற்று வாசனைக்கு வருகிறது. கறியும் உப்பும் ஊறிய லஞ்ச் ஷீட்டை, முடிச்சுப் போட்ட சொப்பிங் பையை அப்படியே வாயில் போட்டுக்கொள்கிறது. அந்தப் பக்கத்தில் கிடக்கும் இலத்தியைக் குச்சியால் கிளறிப் பாருங்கள்: நாருக்கு நடுவே பைத் துண்டுகள் சுருண்டு கிடக்கும். வெளியே வந்தவை அவை. வராதவை குடலை அடைக்கின்றன.

ஆகவே மேட்டை எவ்வளவு விரிப்பது என்று அளக்கும் முன், உணவுக் கழிவு அங்கே போகலாமா என்பதைத் தீர்மானியுங்கள். போகவே கூடாது என்பேன். சந்தை, சாப்பாட்டுக் கடை, கல்யாண மண்டபம் ஆகிய மூன்றிலிருந்தும் உக்கும் கழிவைத் தனியாக ஏற்றி ஊரிலேயே சேதனப் பசளையாக்கலாம். 2021இல் பசளைக்கு அலைந்த நம் விவசாயிகளுக்கு அதன் அருமை தெரியும். ஐரோப்பிய ஒன்றியத்தின் உதவியோடு 2008இல் கழிவு முகாமைத்துவ நிலையமாகத் தொடங்கிய இடம்தான் பள்ளக்காடு. அந்த நோக்கத்தை இனியாவது நிறைவேற்றுங்கள். மீதிக் குப்பையை ஒரே மூலையில் கொட்டி, அன்றன்றே மண் போட்டு மூடுங்கள். கழிவுநீர் குட்டையாகத் தேங்க விடாதீர்கள். யானை அதையும் குடிக்கும்.

எந்தப் பக்கம் விரிப்பது என்பதை வரைபடத்தை மட்டும் பார்த்து முடிவு செய்ய வேண்டாம். வனசீவராசிகள் திணைக்கள அலுவலர்களையும், இரவில் பரணில் காவல் இருக்கும் வயல்காரர்களையும் அழைத்துக்கொண்டு நடந்து பாருங்கள். யானை வரும் தடம் அவர்களுக்குத் தெரியும். அந்தத் தடத்தின் மேல் குப்பை விழக் கூடாது.

வேலி விடயத்தில் ஓர் எச்சரிக்கை. வருடக்கணக்காக அங்கே தின்று பழகிய கூட்டத்தைத் திடீரென்று அடைத்தால் அது காட்டுக்குத் திரும்பிவிடாது. பக்கத்து வயலில்தான் இறங்கும். கதிர் முற்றும் நேரத்தில் வேலியை மூடினால் யானைக்கும் சாவு, விவசாயிக்கும் சாவு. உணவுக் கழிவை முதலில் படிப்படியாகக் குறைத்து, பெரும்போக அறுவடை முடிந்து வயலில் கதிர் இல்லாத நாட்களில் மூடுங்கள். வேலியைச் சுற்றி மறுநாளிலிருந்து திணைக்களத்தின் ரோந்தும் வேண்டும்.

முன்பிருந்த மின்வேலி 2014இல் மின்னல் தாக்கிப் பழுதானது. 2022இல் அந்த இரு யானைகள் இறந்தபோதும் அது திருத்தப்படாமலே கிடந்தது. கம்பியில் கொடி படர்ந்தாலே மின்சாரம் மண்ணில் இறங்கிவிடும். அதைத் தினமும் நடந்து பார்க்கச் சம்பளத்துக்கு ஆள் வேண்டும். குப்பை கொட்டும் சபைகள் எல்லாம் சேர்ந்து, அடுத்த வரவு செலவுத் திட்டத்தில் வேலிப் பராமரிப்புக்கென்று தனியாக ஒரு தொகை ஒதுக்குங்கள். கம்பியில் மின்சாரம் ஓடுகிறது என்று திணைக்களம் எழுத்தில் உறுதி தந்த பிறகே புதிய நிலத்தில் முதல் லொறிக் குப்பையை இறக்குங்கள்.

இப்படிக்கு,
அட்டாளைச்சேனை வாசி ஒருவர்