அதே ஆள்தானா?

அன்புள்ள கயலுக்கு,

கட்டோவிட்சேயில் குளிர் ஆரம்பித்திருக்குமே. ஸ்வெட்டரைப் பெட்டியிலேயே வைத்திருக்காமல் எடுத்துப் போட்டுக்கொள்.

போன வாரம் போனில், "ஸ்கொன்ட்ரி எழுதின அதே ஆளாப்பா மூன்றாம் சிம்பொனியும் எழுதினார்?" என்று போலந்து இசையமைப்பாளர் ஹென்ரிக் குரெட்ஸ்கியைப் பற்றிக் கேட்டாய். அன்றைக்கு ஏதோ சொல்லிச் சமாளித்தேன். மனசு கேட்கவில்லை, இரண்டையும் மறுபடி கேட்டேன்.

குரெட்ஸ்கிக்கு இரண்டு வயது முடிந்த பிறந்தநாளன்றே அம்மா இறந்துவிட்டார். வீட்டில் அம்மாவின் பழைய பியானோ இருந்தும், அப்பாவும் சிற்றன்னையும் அதைத் தொட விடவில்லை. இதைப் படித்த அன்று எனக்குத் தூக்கமே வரவில்லை.

1960இல் வார்சா இலையுதிர்கால இசை விழாவில் ஸ்கொன்ட்ரி அரங்கேறியது. மோதல்கள் என்று பொருள். பெரிய ஆர்கெஸ்ட்ரா முழுவதும் கட்டி கட்டியாக மோதிக்கொள்ளும். அப்புறம் வருஷத்துக்கு வருஷம் சுரங்களைக் குறைத்துக்கொண்டே வந்தார். 1976இல் மூன்றாம் சிம்பொனி. தொடக்கத்தில் சத்தத்தைக் கூட்டிவிடாதே. டபுள்பாஸ் மட்டும், இருக்கிறதா இல்லையா என்கிற மாதிரி ஒரு மெட்டை ஆரம்பிக்கும். அதே மெட்டோடு அடுத்த குரல் ஐந்தாவது சுரத்தில் ஏறி நுழையும், பிறகு இன்னொன்று. பாடகி வாய் திறக்கக் கிட்டத்தட்ட கால் மணி நேரம் ஆகிவிடும். ஒன்றைப் பிடித்தால் விடாத அந்தப் பிடிவாதம் ஸ்கொன்ட்ரியிலும் உண்டு. அதனால்தான் சொல்கிறேன், அதே ஆள்தான்.

1977இல் மூன்றாம் சிம்பொனி பிரான்சில் அரங்கேறியபோது நவீன இசைக்காரர்கள் பலர் முகம் சுளித்தார்கள். அவர் மாற்றிக்கொள்ளவில்லை. 1992இல் வந்த ஒலிப்பதிவு பத்து லட்சத்துக்கும் மேல் விற்றது. அப்போது அவருக்கு அறுபது நெருங்கிவிட்டது. 2010இல் உங்கள் ஊரிலேயே காலமானார். பாதியில் நின்ற நான்காம் சிம்பொனியை மகன் மிக்கோவாய்தான் முடித்துக் கொடுத்தார்.

மூன்றாம் சிம்பொனியின் இரண்டாம் பகுதியில் வரும் வரிகள், ஜாகோபானே ஊரில் நாஜிகளின் ரகசியப் போலீஸான கெஸ்டப்போவின் சிறைச் சுவரில் இருந்தவை. 1944இல் ஹெலெனா என்ற பதினெட்டு வயதுப் பெண் எழுதியது. யாரையும் சபிக்கவில்லை, பழிவாங்கச் சொல்லவில்லை. அம்மா, அழாதே என்றுதான் எழுதியிருக்கிறாள். உன்னைவிடச் சின்னவள்.

அந்தக் கட்டடம் இன்னும் இருக்கிறது. லீவில் அங்கே போவதாகச் சொன்னாயே. தனியாகப் போகாதேம்மா, தோழியைக் கூட்டிக்கொண்டு போ. வெளியே வந்ததும் எனக்குப் போன் பண்ணு, எந்நேரமானாலும் சரி.

அன்புடன்,
அப்பா