குடம் அடிப்பவரின் பெயரைக் கேட்ட அக்காவுக்கு

எங்கள் வில்லுப்பாட்டுக் குழுவுக்குக் கைகொடுத்த எல்லோருக்கும் வணக்கம்.

2020-லும் 2021-லும் கொடைகள், அதாவது கோயில் திருவிழாக்கள், நின்றுபோனபோது நாங்கள் எப்படி இருந்தோம் என்பது உங்களுக்குத் தெரியும். அதைத் திரும்ப எழுத வேண்டாம். இந்த ஆடியில் மறுபடியும் பந்தலில் உட்கார்ந்து விடிய விடியப் பாடிவிட்டு வந்திருக்கிறோம். தொண்டை இன்னும் கட்டித்தான் கிடக்கிறது. மனசு ஆறுவதற்குள் சொல்லிவிட வேண்டும் என்று எழுதுகிறேன்.

அரிசி, பருப்பு வாங்கி இறக்கியவர்கள், கியூஆர் கோடைப் பார்த்துப் பெயர்கூடச் சொல்லாமல் பணம் அனுப்பியவர்கள், நாட்டுப்புறக் கலைஞர் நல வாரியப் படிவத்தை நிரப்பித் தந்த பிள்ளைகள், எல்லோருக்கும் கோடி நன்றி. கல்யாண வீடியோ எடுக்கும் ஸ்டூடியோ தம்பிக்கும்தான். வீடியோ கால் செயலிகள் மனிதக் குரலை வைத்துக்கொண்டு மற்றதை இரைச்சல் என்று அமுக்கிவிடும். குடமும் உடுக்கும் காணாமல் போகும். அதை நிறுத்தி வைக்க அமைப்புகளில் வழி உண்டு என்று காட்டியவர் அவர். ஆளுக்கொரு வீட்டிலிருந்து நேரலையில் சேர்ந்து பாடலாம் என்று பார்த்தால், குரல் துளி பிந்தி வந்தாலும் தாளம் சிதறிவிடுகிறது. தனித்தனியாகப் பதிந்து அனுப்பச் சொல்லி, அவரே உட்கார்ந்து கோத்துக் கொடுத்தார்.

இவர்களோடு சேர்த்துச் சொல்லிவிட்டுப் போக முடியாதவர் ஒருவர் இருக்கிறார். தாராவியில் வசிக்கும் ஓர் அக்கா. பூர்வீகம் எங்கள் திருநெல்வேலிப் பக்கம்தான். நேரில் பார்த்ததில்லை.

பழைய கொடை ஒன்றில் பாடிய முத்துப்பட்டன் கதையை யூடியூபில் அப்படியே ஏற்றியிருந்தோம். பல மணி நேரப் பதிவு. யார் முழுதாகக் கேட்கப் போகிறார்கள்? அந்த அக்கா கேட்டார். சமையல் வேலைக்கு நடுவே கேட்டு, எந்த நிமிடத்தில் எது வருகிறது என்று ஒரு நோட்டில் எழுதி, பக்கங்களைப் படம் எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பினார். காப்பு, அவையடக்கம், நாட்டுவளம், பொம்மக்காவும் திம்மக்காவும் பாடுவதைப் பட்டன் கேட்கிற இடம், அவன் சாகிற இடம், கடைசியில் வாழி, ஒன்று விடவில்லை. கீழே ஒரு வரி: "குடம் அடிக்கிறவர் பேரு என்ன தம்பி? எங்கேயும் போடலியே."

எங்கள் தொழிலில் அந்த வழக்கமே கிடையாது. கொடை நோட்டீஸில் 'இன்னார் குழுவினர்' என்று, முன்னின்று கதை பாடும் அண்ணாவியின் பெயர் மட்டும்தான் இருக்கும். குடம், உடுக்கு, ஜால்ரா, கட்டை எல்லாம் அந்தக் 'குழுவினர்' என்ற சொல்லுக்குள் அடங்கிவிடும். வாழ்நாள் முழுக்கக் குடம் அடித்த எங்கள் பெரியவரிடம் இந்தக் கேள்வியைப் படித்துக் காட்டினேன். போனை வாங்கித் திரும்பத் திரும்பப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

நேரக் குறிப்பையும், வாசிக்கிறவர் ஒவ்வொருவர் பெயரையும், ஊரையும், அழைக்க வேண்டிய எண்ணையும் வீடியோவின் கீழே போட்டோம். அப்புறம்தான் அழைப்புகள் வர ஆரம்பித்தன. காரையாறு சொரிமுத்தையனார் கோயிலுக்கு ஆடி அமாவாசை தோறும் போகிற குடும்பங்கள், முத்துப்பட்டனை அங்கே பட்டவராயன் என்ற சாமியாகக் கும்பிடுகிறவர்கள், பட்டவராயன் பகுதியை மட்டும் தேடிக் கேட்டார்கள். கல்லூரிப் பிள்ளைகள் சந்தேகம் கேட்டார்கள். இந்த ஆடிக்கு எங்களை அழைத்த கோயில் கமிட்டிக்காரர்களும் அந்தக் குறிப்பைப் பிடித்துத்தான் கேட்டுப் பார்த்திருக்கிறார்கள்.

ஒரு நிமிடத் துண்டுகளாக வெட்டிப் போட்டால் பார்வை கூடும் என்று நிறையப் பேர் சொல்கிறார்கள். இருக்கலாம். ஆனால் வில்லுப்பாட்டில் கதைதானே உயிர். துண்டு போட்டாலும் முழுக்கதையும் பக்கத்திலேயே இருக்க வேண்டும் என்று குழுவில் பேசி முடிவு செய்திருக்கிறோம். சாமி வந்து ஆடுகிற நேரத்தை மட்டும் கோயில்காரர்கள் சம்மதிக்காமல் ஏற்ற மாட்டோம். அது அந்த ஊர்க்காரர்களுக்கும் சாமிக்கும் உள்ளது.

அக்கா, அடுத்து இசக்கியம்மன் கதையை ஏற்றப் போகிறோம். நேரக் குறிப்பை நாங்களே எழுதிவிடுகிறோம். எல்லார் பெயரும் இருக்கும், குடம் அடிப்பவர் பெயர் முதலில். நீங்கள் கேட்டால் போதும்.